இறங்குபாதை இருந்த இடம்

சான் ஃபிரான்சிஸ்கோவில் மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே ஓடப் போகிறவர்களுக்கு இது பழகிய தொல்லை. ஹாரிசன் தெருவிலும் பிரையண்ட் தெருவிலும் ஃப்ரீவேயின் இறங்குபாதைகள் தரையைத் தொடும் இடங்களில் ஓட்டம் அறுந்துபோகும். மேலே பறந்து வந்த வண்டி கீழே வந்த பிறகும் அந்த வேகத்தை உடனே விடுவதில்லை. வலப்பக்கம் திரும்பும் ஓட்டுநரின் கண்ணெல்லாம் இடப்பக்கமிருந்து வரும் வண்டிகள் மேலேயே இருக்கும். வலப்பக்க நடைபாதையிலிருந்து காலெடுத்து வைப்பவர் அவர் பார்வையில் படுவதேயில்லை. பச்சை விளக்கு எரிந்தாலும் நான் நின்று, ஓட்டுநரின் முகம் என் பக்கம் திரும்பிய பிறகுதான் கடப்பேன்.

ஆனால் அதே நகர மையத்தில், ஃபெர்ரி கட்டடத்தை ஒட்டிய எம்பார்க்கடேரோ சாலையில் இந்தப் பயம் இல்லை. வளைகுடா ஓரமாக அகன்ற நடைபாதை. காலையில் ஓடுகிறவர்கள் நிறைந்திருப்பார்கள். சாலைக்கு எதிர்ப்புறம், வாஷிங்டன் தெருவுக்கும் கிளே தெருவுக்கும் நடுவே ஒரு புல்வெளி. சுற்றிலும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள். சதுர அடிக்கு இவ்வளவு விலை போகும் வட்டாரத்தில் இந்த நிலத்தை யார் விட்டுவைத்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பொது நூலகத்தின் ஆறாவது மாடிக்குப் போனேன். நகரின் வரலாற்றுப் படங்களையும் ஆவணங்களையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

பழைய புகைப்படங்களைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். 1898-இல் திறந்த ஃபெர்ரி கட்டடத்துக்கு முன்னால் இரண்டு அடுக்குக் கான்கிரீட் ஃப்ரீவே. கடிகாரக் கோபுரத்தின் மேற்பகுதி மட்டும் அதற்கு மேலே தெரிகிறது. நான் பார்த்த புல்வெளி, அந்த ஃப்ரீவேயின் வாஷிங்டன், கிளே தெரு ஏறுபாதையும் இறங்குபாதையும் நின்ற நிலம்.

1959-இல் திறக்கப்பட்ட அந்த எம்பார்க்கடேரோ ஃப்ரீவே, கோல்டன் கேட் பாலம் வரை நீண்டிருக்க வேண்டியது. குடியிருப்புகளை அறுத்துக்கொண்டு சாலை போடுவதை மக்கள் எதிர்த்தார்கள். அதே 1959-இல் நகர மேற்பார்வையாளர் சபை, திட்டமிட்டிருந்த பத்து ஃப்ரீவேக்களில் ஏழினை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. எம்பார்க்கடேரோ ஃப்ரீவே பிராட்வேயோடு நின்றது. ஆனால் கட்டி முடித்த பகுதியை அகற்ற யாருக்கும் மனம் வரவில்லை. 1986-இல் வாக்கெடுப்பு வைத்தபோதுகூட இடிக்க வேண்டாம் என்றே மக்கள் வாக்களித்தார்கள்.

1989 அக்டோபர் 17 அன்று லோமா பிரியேட்டா நிலநடுக்கம். ஃப்ரீவே விழவில்லை, ஆனால் ஓட்டத் தகுதியற்றதாகிவிட்டது. மூடிக் கிடந்த மாதங்களில், அது இல்லாமலும் நகரம் நடக்கும் என்று பலர் கண்டார்கள். மேயர் ஆர்ட் அக்னோஸ் இடிக்கும் பக்கம் நின்றார். சைனாடவுன் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வாடிக்கையாளர்கள் வந்திறங்கிய வழி அது. அவர்கள் கவலை நியாயமானது, அதை அலட்சியம் செய்ய என்னால் முடியவில்லை. 1991-இல் இடிப்பு தொடங்கியது. அந்த ஆண்டே அக்னோஸ் தேர்தலில் தோற்றார்.

அதன் பிறகுதான் டிராம், பேரீச்சை மரங்கள், அகன்ற நடைபாதை எல்லாம் வந்தன. புல்வெளிக்கு இன்று சூ பியர்மன் பூங்கா என்று பெயர். 1960-களில் கோல்டன் கேட் பூங்காவின் ஓரமாக வரவிருந்த ஃப்ரீவேயைத் தடுக்கப் போராடியவர்களில் ஒருவர் அவர். பின்னாளில் மேற்பார்வையாளர் சபை உறுப்பினரானார். அந்தப் பெயர் அங்கே இருப்பது முழுக்கப் பொருத்தம்.

ஹாரிசன், பிரையண்ட் இறங்குபாதைகளை இடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஃப்ரீவேயிலிருந்து வண்டிகள் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் இறங்குபாதைகள் முடியும் இடத்தில் வளைவை இறுக்கலாம். சிவப்பில் வலப்பக்கம் திரும்புவதைத் தடுக்கலாம். வண்டிகளுக்குப் பச்சை விழும் முன் நடப்பவர்களுக்குச் சில நொடிகள் வழி கொடுக்கலாம். நகர நிர்வாகம் இவற்றைச் செய்ய இன்னொரு நிலநடுக்கம் வரை காத்திருக்கக் கூடாது.