ரசீதில் ஒரு வரி: சேவைக் கட்டணமும் கொடையும்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதை ஒட்டிய ஃப்ரேசர் டவுன், குக் டவுன் பகுதிகளிலும் பழைய பங்களாக்கள் சில இன்று உணவகங்களாக மாறியுள்ளன. அப்படியோர் உணவகத்தில் ஒரு குடும்பம் ஆயிரம் ரூபாய்க்கு உண்கிறது என்று கொள்வோம். ரசீதில் உணவின் விலைக்குக் கீழே சேவைக் கட்டணம் 10 விழுக்காடு என ஒரு வரி. அதன் கீழே, இரண்டும் சேர்ந்த 1,100 ரூபாய்க்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தம் 1,155 ரூபாய். நடுவிலுள்ள அந்த ஒரு வரி இல்லையெனில் தொகை 1,050தான். கூடுதலாகச் செல்லும் 105 ரூபாயில் நூறு உணவகத்துக்கு, ஐந்து அரசுக்கு. பரிமாறியவருக்கு எவ்வளவு என்பதை ரசீது சொல்வதில்லை.

இங்கே முதலில் கவனிக்கத்தக்கது சொல். 'கட்டணம்' என்றால் கட்டியே தீர வேண்டியது. பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மின் கட்டணம் எதையும் விருப்பப்பட்டால் செலுத்தலாம் என்று எவரும் நினைப்பதில்லை. 2017 ஜூன் மாதம் வரை உணவகங்களில் 'சேவை வரி' என்ற உண்மையான வரியும் இருந்தது. 'சேவைக் கட்டணம்', 'சேவை வரி' என்ற இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகியிருந்த காலத்தில், முன்னதையும் அரசே வசூலிக்கிறது என்று பலரும் நம்பினர். அந்த வரி ஜிஎஸ்டியில் கரைந்த பின்னும் மயக்கம் தீரவில்லை. புதிய வரியின் பெயரிலும் 'சேவை' இருக்கிறது.

இதற்கு முன்பிருந்த சொற்கள் வேறு. 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து கண்டோன்மென்டை நிறுவினர். 'தண்டு' என்று ஊர்மக்கள் அழைத்த அந்தப் பகுதிக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பெருந்தொகையாக வந்தனர். சமையற்காரர், பட்லர், குதிரைக்காரர், ஆயா என்று துரைமார் வீடுகளில் பணிசெய்தோர் அவர்களுள் பலர். ரிச்சர்ட்ஸ் டவுன் அந்தத் தண்டின் நீட்சியாக உருவான குடியிருப்பு. மாதச் சம்பளத்துக்கு அப்பால் அத்தகைய பணியாளர் கையில் எப்போதாவது விழுந்த பணத்துக்கு 'இனாம்' என்றும் 'பக்சீஸ்' என்றும் பெயர். முன்னது அரபு வழி வந்தது, பின்னது பாரசீக வழி. இரண்டும் மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு மனமுவந்து தருவதைக் குறிப்பவை. பெறுபவர் அதைக் கேட்க முடியாது, எதிர்பார்க்கலாம், அவ்வளவே.

அரபு வழி வந்த மற்றொரு சொல்லான 'மாமூல்' அடுத்து என்ன நிகழும் என்பதைக் காட்டுகிறது. அதன் பொருள் 'வழக்கமானது' என்பது மட்டுமே. வழக்கமாகத் தரப்பட்டது, தராவிட்டால் காரியம் நடக்காது என்ற நிலையை எட்டியதும் அச்சொல்லே கையூட்டின் பெயரானது. கொடை வழக்கமாகி, வழக்கம் கட்டாயமாகப் பல தலைமுறைகள் பிடித்தன. உணவக ரசீதின் அந்த ஒற்றை வரியோ இந்தப் பயணத்தை ஒரு நொடியில் முடித்துவிடுகிறது.

சட்டம் இந்த இடத்தில்தான் குறுக்கிட்டது. 2017 ஏப்ரலில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, சேவைக் கட்டணம் விருப்பத்துக்குரியது என்று நெறிமுறை வெளியிட்டது. பெரிய மாற்றம் ஏதுமில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022 ஜூலை 4 அன்று கடுமையான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சேவைக் கட்டணத்தைத் தானாக ரசீதில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. அது விருப்பத்துக்குரியது என்று தெரிவிக்க வேண்டும். தர மறுப்பவரை உள்ளே வரவிடாமல் தடுக்கக் கூடாது. உணவு விலையோடு கூட்டி மொத்தத்துக்கு ஜிஎஸ்டி விதிக்கக் கூடாது. அதே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2023 செப்டம்பரில் அதே நீதிமன்றம், வழக்குத் தொடுத்த இரு சங்கங்களுள் ஒன்றின் உறுப்பினர்கள் 'சேவைக் கட்டணம்' என்பதற்குப் பதிலாகப் 'பணியாளர் பங்களிப்பு' என்று எழுத வேண்டும் என இடைக்கால ஆணையிட்டது. ஒரு வணிகத் தகராறில் நீதிமன்றம் சொல்லை மாற்றச் சொன்னது மொழி படிப்போர் நினைவில் நிறுத்த வேண்டிய செய்தி. இறுதியாக 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங், வழிகாட்டுதல்கள் செல்லும் என்றும், கட்டாய வசூல் முறையற்ற வணிகம் என்றும் தீர்ப்பளித்தார். உணவகச் சங்கங்கள் மேல்முறையீடு செய்தன.

நுகர்வோர் பக்க நியாயம் தெளிவானது. விலைப்பட்டியலில் எழுதிய விலைக்கும் தரும் விலைக்கும் இடையே, உண்டு முடித்தபின் ஒரு தொகை நுழையக் கூடாது. செலவு கூடினால் உணவின் விலையைக் கூட்டலாம். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் உணவகங்கள் முன்வைத்த மறுமொழியையும் எளிதில் தள்ள இயலாது. தனித்தனியாகத் தரும் கொடை பரிமாறுபவரோடு நின்றுவிடுகிறது. அடுப்படியில் வேகுபவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் அது சேராது. பொதுவில் வசூலித்துப் பகிர்ந்தால் எல்லோருக்கும் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம்.

கிடைக்குமா என்பதே கேள்வி. கொடையைக் குறித்து உச்ச நீதிமன்றம் முன்பே பேசியிருக்கிறது. ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை விடுதித் தொழிலாளர் வழக்கில், விருந்தினர் தரும் கொடையை முதலாளி தரும் ஊதியத்தின் பகுதியாகக் கொள்ள முடியாது என்று 1976இல் சொன்னது. ஐடிசி நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் 2016இல் அளித்த தீர்ப்பில், கடன் அட்டை வழியே விருந்தினர் தந்து விடுதி பகிர்ந்தளித்த கொடையும் சம்பளம் ஆகாது என்றது. முதல் தீர்ப்பு தொழிலாளியைக் காத்தது: கொடையைக் காட்டி ஊதியத்தைக் குறைக்க முடியாது. அந்த நிலைப்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. சம்பளம் அல்லாத ஒன்றை, சம்பளத்தைக் கேட்பதுபோல் உரிமையாகக் கேட்க முடியாது. பணியாளருக்காகவே வசூலிக்கிறோம் என்று உணவகம் சொல்லும்போது, அந்தப் பணியாளர் கையில் அதைக் கேட்டுப் பெறும் உறுதியான பிடி இல்லை.

கொடை உரிமையான வரலாறும் நம்மிடம் உண்டு. ஆங்கிலத்தில் 'கிராச்சுவிட்டி' என்ற சொல் விடுதிக் கொடையையும் குறிக்கும், பணி முடிவில் பெறும் தொகையையும் குறிக்கும். தமிழில் பின்னதைப் 'பணிக்கொடை' என்கிறோம். பெயரில் கொடை இருந்தாலும், 1972ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் அது எவர் தயவும் அன்று; ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் கேட்டுப் பெறும் உரிமை. பிரிட்டனில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதே வழியில் செல்கிறது. வாடிக்கையாளர் தரும் கொடையையும் சேவைக் கட்டணத்தையும் முதலாளி பிடித்துக்கொள்ளாமல் முழுமையாகப் பணியாளருக்கு நியாயமாகப் பகிர வேண்டும் என்கிறது அது. அமெரிக்காவின் நிலை நேர்மாறு. கொடை பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்ச மணிக் கூலி, ஒன்றிய அரசின் சட்டப்படி, 1991 முதல் 2.13 டாலரிலேயே நிற்கிறது. அங்கே கொடை என்பது வாடிக்கையாளர் தரும் கூலி.

பெங்களூரு தனக்கென்று ஒரு விடையும் கண்டது. 1983இல் ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினியும் அதைப் பின்பற்றி நகரெங்கும் பரவிய தர்ஷினிகளும் பரிமாறுபவரையே நீக்கிவிட்டன. பலகையில் உள்ள விலையே விலை. நின்றபடி உண்டு கிளம்பலாம். கட்டணமும் இல்லை, கொடையும் இல்லை. எனினும் மேசையைத் துடைப்பவர் ஒருவர் அங்கும் இருக்கிறார். அவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுன் மேசைக்குத் திரும்பினால் எஞ்சும் சிக்கல் ஒன்று உண்டு. சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்த, 'இந்த வரியை நீக்குங்கள்' என்று ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். கேட்டு நிற்பவர் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்த இளைஞர். அந்த வரியை எழுதியவர் அவரல்லர், நீக்கும் அதிகாரமும் அவருக்கில்லை. ஆயினும் மறுப்பு அவர் முகத்தின்மேல்தான் விழுகிறது. தமிழில் சொன்னாலும் கன்னடத்தில் சொன்னாலும், 'உன் உழைப்புக்குத் தர மாட்டேன்' என்றே அது ஒலிக்கும் என்று தயங்கித்தான் பலர் பணத்தைக் கட்டிவிட்டு எழுகின்றனர். உணவகத்தின் வசூலுக்கு அந்தத் தயக்கமே துணை.

ஆகவே மறுப்பை மேலாளரிடம் சொல்வது முறை. அவர் இசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நீக்கப்பட்ட நூறு ரூபாயைப் பரிமாறியவர் கையில் நேரே தந்தால், வாடிக்கையாளருக்கு ஐந்து ரூபாய் மிச்சம், பணியாளருக்கு நூறும் முழுதாகச் சேரும். பாத்திரம் கழுவுபவர் அப்போதும் விடுபட்டே நிற்பார். அவருக்கு வேண்டியது நல்ல ஊதியம். அதற்கான இடம் உணவின் விலை.