மெருகும் மிதமும்

மன்னார்த் தீவிலே வாழ்வோர்க்குக் காற்றும் உப்பும் மணலும் விலையின்றிக் கிடைப்பவை. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் தென்மேல் காற்று, தீவின் தென்கரை நெடுகிலும் 2020 டிசெம்பரில் இயங்கத் தொடங்கிய முப்பது காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகின்றது. அதே காற்றுத்தான் பேசாலையிலும் தலைமன்னாரிலும் மணலை வாரி, நிறுத்திவைத்த மோட்டார் வண்டிகளின் மேல் தூவிவிட்டுப் போகின்றது. இரவிலே மின்விளக்கின் கீழ் ஒரு காரின் பொனற்றைச் சற்றே சாய்ந்து நோக்குங்கள். சிலந்தி வலை விரித்தாற்போல ஆயிரம் நுண்கீறல்கள் வட்ட வட்டமாய் மின்னும். அவற்றைப் போக்க வேண்டுமென்னும் ஆசையும், அதற்கென ஒரு பொறியை வாங்கிவிட வேண்டுமென்னும் ஆசையும் இந்நாளிலே நம்மவர் பலரைப் பற்றியிருக்கின்றன.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக் காலத்திலே பழைய கார்களும் பொன்போல் விலையேறின. வழி திறந்த பின்னரும் வரிச்சுமையினால் புதிய வண்டி என்பது மாதச் சம்பளக்காரருக்கு எட்டாக் கனியாகவே இருக்கின்றது. நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் சின்னஞ்சிறு ஜப்பானிய வண்டி கருநீல நிறத்தது. வயதும் பன்னிரண்டு ஆகிவிட்டது. மூத்த மகள் பல்கலைக்கழகம் புகும் வேளையில் வேறு வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னும் பத்தாண்டாவது அதுவே நம்மைச் சுமந்தாக வேண்டும். ஆதலின் அதன் மேனியைக் காப்பது குடும்பக் கணக்கோடு சேர்ந்த கவலையாயிற்று.

பொறியைப் பற்றிப் பேசுமுன் பூச்சைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. உருக்குத் தகட்டின் மேல் அடிப்பூச்சு; அதன்மேல் நிறப்பூச்சு; அதற்கும் மேலே நிறமற்ற, கண்ணாடி போன்ற காப்புப் பூச்சு. தொழிற்சாலையில் இட்ட பூச்சுகள் அனைத்தும் சேர்ந்தாலும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரையே. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலேயுள்ள காப்புப் பூச்சோ ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்ரோன்தான். மனிதர் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரோன். வெயிலையும் உப்புக் காற்றையும் மாரி மழையையும் தாங்கி நிற்கும் கவசம் ஒரு மயிரிழையினும் மெல்லியது என்றால் வியப்பன்றோ?

மெருகேற்றினால் கீறல் நிரம்பிவிடும் என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. கீறலின் இருமருங்கும் உயர்ந்து நிற்கும் பூச்சைத் தேய்த்துக் குறைத்து, பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்கிவிடுவதே அத்தொழில். ஒவ்வொரு முறையும் காப்புப் பூச்சிலே சில மைக்ரோன் போகும்; போனது மீளாது. மேலும் மேலும் பணம் எடுக்கலாம், ஒரு சதமேனும் திரும்பப் போட முடியாது என்னும் விதியுள்ள வங்கிப் புத்தகம் ஒன்று உண்டானால் அதற்கு இது ஒப்பாகும். அத்தகைய புத்தகத்தை எவர் கையில் கொடுப்பது என்பதே பொறியைத் தெரிவு செய்வதிலுள்ள கேள்வி.

நிற்க. பொறிகளின் வகையைப் பார்ப்போம். நெடுங்காலமாகப் பட்டறைகளில் உள்ளது ஒரே அச்சிலே சுழலும் பொறி. சாணைக்காரனின் சக்கரத்தைப் போன்றது அது. கைதேர்ந்தவரிடம் அது வல்லமை மிக்க கருவி. ஆழ்ந்த கீறலையும் விரைவிலே தீர்த்துவிடும். ஆனால் ஓரிடத்திலே சிறிது தரித்தாலும் சூடேறும். கதவின் விளிம்பிலும் பொனற்றின் மடிப்பிலும் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கே கை தவறினால் நிறப்பூச்சும் கடந்து அடிப்பூச்சு பல்லிளிக்கும். பழகாத கையாயின் பழைய கீறலுக்குப் பதிலாக, வெயிலிலே நெளிநெளியாய்த் தெரியும் புதிய நிழற்கோடுகளையும் விட்டுச் செல்லும்.

இரண்டாவது வகையே இன்று பலரும் விசாரிக்கும் ஈரியக்கப் பொலிஷர். 'டி.ஏ.' எனக் கடைக்காரர் சொல்வது இதையே. இதன் இயக்கத்தை விளங்கிக்கொள்ள நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்தாற் போதும். குழவி குழியைச் சுற்றி வருகின்றது. சுற்றி வரும்போதே தன்னைத்தானும் சுழல்கின்றது. இப்பொறியின் தட்டும் அவ்வாறே. மோட்டாரின் அச்சுக்குச் சற்று விலகிய மையத்திலே பொருந்தி, சிறு வட்டமாக ஓடிக்கொண்டே தானாகவும் சுழலும். ஓடும் வழி கணத்துக்குக் கணம் மாறுவதால் சூடு ஓரிடத்தில் எளிதிற் குவிவதில்லை. தட்டின் சுழற்சியை எந்தப் பற்சக்கரமும் தள்ளுவதில்லை. ஆதலால் அளவுக்கு மீறி அழுத்தினாலும், விளிம்பிலே சரிந்து பட்டாலும், சுழற்சி தளர்ந்து நின்றுவிடும். அதிர்வு மட்டுமே எஞ்சும். மூன்றாவது ஒரு வகையும் உண்டு. ஈரியக்கமே எனினும் பற்சக்கரத்தால் உந்தப்படுவது, அழுத்தினாலும் நில்லாது. வேலை விரைவாகும், சூடும் கூடும்.

மன்னார் நகரிலே கார்களுக்குக் 'கட் அன்ட் பொலிஷ்' செய்யும் இளைஞர் ஒருவரிடம் இதுபற்றி விசாரித்தோம்.

“நிக்கிற மெசினாலை என்ன சேர் செய்யிறது? இழுத்து வெட்டிறதெண்டால் சுழல் மெசின்தான்,” என்றார் அவர்.

“தம்பி, அந்த வேகத்தை அடக்கிற கை உமக்கு இருக்கு. எங்களுக்கு இல்லை. எங்கடை கைக்கு ஏற்றதைச் சொல்லும்,” என்றோம்.

அவர் சிரித்தார். “அப்பிடியெண்டால் நிக்கிறதுதான் சேர் உங்களுக்கு நல்லது. தட்டின்ரை விளிம்பிலை ஒரு கோடு கீறி விடுங்கோ. கோடு சுத்திறது தெரிஞ்சால் வேலை நடக்குது. கோடு நிண்டால் கையை இளக்குங்கோ.”

பத்துப் பக்க விளக்கத்திலும் மேலான பாடம் இது. பிழையான அழுத்தத்தை உடனே காட்டிக் கொடுத்து, வேலையையும் தானே நிறுத்திவிடும் பொறி பழகுவோனுக்கு ஆசானும் ஆகின்றது. வல்லமையைக் கண்டு மயங்காது, அடக்கத்தைக் கண்டு வாங்குவதே நம் போன்றோர்க்கு ஏற்றது.

இனி, ஈரியக்கப் பொறிகளுள்ளும் எதைக் கொள்வது? முதலில் பார்க்க வேண்டியது தட்டு ஓடும் சிறுவட்டத்தின் அகலம். கடைகளில் இதனை 'த்ரோ' என்பர். 8, 15, 21 மில்லிமீற்றர் என்னும் அளவுகள் பெரிதும் வழங்குவன. 8 மில்லிமீற்றர் மெதுவானது. வளைந்த இடங்களில் நன்கு இசையும். 21 மில்லிமீற்றர் வான் வண்டியின் கூரை போன்ற பரந்த சமதளங்களில் விரைந்து செல்லும், வளைவுகளிலே தயங்கும். சிறு காருக்கு ஐந்து அங்குலத் தட்டும் 15 மில்லிமீற்றர் வட்டமும் நடுவழியாக அமையும்.

அடுத்தது மின்சாரம். கனடாவிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் பொறி 120 வோல்ற்றுக்கு உரியது. நம் நாட்டிலோ 230 வோல்ற்று. மின்மாற்றியின்றிச் செருகினால் அன்பும் பொறியும் ஒருங்கே புகைந்துவிடும். மூன்றாவது, கைக்கு அடங்கும் பாரம். ஒரு காரை முற்றாக மெருகேற்றப் பல மணி நேரம் செல்லுமாதலால், கடையிலே ஐந்து நிமிடமாவது ஏந்திப் பார்த்தே வாங்க வேண்டும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருத்தல் அவசியம். ஸ்பொன்ஜ் மெத்தைகள் இலகுவில் வாங்கக்கூடியனவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மெத்தை கிடையாத பொறி, நெல்லில்லாத ஊரிலே ஆலை வைத்தாற் போலாகும்.

பொறி வாங்கும் பணத்திலே ஒரு பங்கைப் பூச்சின் பருமனை அளக்கும் சிறு கருவிக்கு ஒதுக்குதல் விவேகம். நம் நாட்டிலே மறுபூச்சுக் காணாத பழைய காரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு கதவு 120 காட்ட, மற்றொன்று 250 காட்டுமாயின் பின்னையது மறுபூச்சுப் பெற்றது என ஊகிக்கலாம். எண் மிகக் குறைந்த இடத்தில் கை வைக்காதிருத்தல் நலம். உலோகத்தின் மேல் மட்டுமே அளக்கும் சாதாரணக் கருவி பிளாஸ்ரிக் பம்பரிலே பயன்படாது. அங்கே இரட்டிப்பு நிதானம் வேண்டும்.

இவையெல்லாம் பொறியைப் பற்றியவை. நம் கரையோரத்திலே பொறிக்கு முந்தியது தண்ணீர். கீறலுக்கு உப்பைக் குற்றஞ் சொல்வோர் உளர். உப்பின் கடினம் மோஸ் அளவையிலே இரண்டரை. மணலிலுள்ள குவார்ட்சு ஏழு. மன்னார்க் கரைமணலிலே இல்மனைற்று, கார்னற்று முதலிய கனிமங்களும் கலந்துள்ளன. உப்பு நீரிலே கரைந்து போகும். அதன் தீமை ஈரத்தை இழுத்து, பூச்சு உதிர்ந்த இடங்களில் துருப்பிடிக்கச் செய்வது. கீறுவது மணலே. காற்று வீசியதனால் விழுந்த கீறலிலும், தூசியைக் காய்ந்த துணியால் துடைத்ததனால் விழுந்த கீறலே மிகுதி. முதலில் தண்ணீரை ஓடவிட்டு மணலை நீக்குக. பின்னர் ஒரு வாளியில் சவர்க்கார நீரும் மற்றொரு வாளியில் துணியை அலசும் நீரும் வைத்துக் கழுவுக. கிணற்று நீர் வன்மையானதாயின் உடனே மென்துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் வெண்புள்ளிகள் படியும்.

மெருகேற்றுவதற்குக் காற்றடங்கிய காலைப்பொழுதும், மூடிய கொட்டகையும், நீர் தெளித்த தரையும் தெரிந்துகொள்க. மெத்தை தவறி மணலில் விழுமாயின் அதைத் தட்டிவிட்டு மீண்டும் பிடித்தல் கூடாது. நன்கு கழுவிக் காயும்வரை வேறொன்றைப் பூட்டுக. முதலில் ஓரிரு அடிச் சதுரத்திலே மிக மென்மையான மெத்தையும் மிக மென்மையான மெருகுப் பசையும் கொண்டு பார்க்க வேண்டும். அதனால் காரியம் முடியுமாயின் வன்மையான கொம்பவுண்டைத் திறக்கவே வேண்டாம்.

“மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலைக்குப் பொறி எதற்கு? தெரிந்தவரிடம் கூலி கொடுத்தால் ஆயிற்றே,” என்று நம் கல்லூரி நண்பர் ஒருவர் வினாவினார். நியாயமான கேள்வி. தேர்ந்த தொழிலாளி அருகிலிருந்தால் அவரிடம் விடுதலே சிறந்தது. நாமோ ஆசிரியர் நால்வர் கூடி, தானே நிற்கும் வகையில் 15 மில்லிமீற்றர்ப் பொறி ஒன்றைப் பங்குக்கு வாங்கினோம். அதனோடு ஒரு கொப்பியும் வைத்திருக்கின்றோம். எவர் காரில், எந்நாளில், எப்பகுதியில் மெருகேற்றப்பட்டது, அளவுகருவி காட்டிய எண் யாது என்பன அதில் எழுதப்படும். கொப்பியிலே பெயர் கண்டதும் ஆசை சற்று அடங்கிவிடுவதைப் பார்க்கின்றோம்.

நம் கருநீல வண்டியின் வலைக்கீறல்கள் பெரும்பாலும் மறைந்தன. இடப்பக்கக் கதவிலே ஒரு நீண்ட கீறல் மட்டும் நிற்கின்றது. நகத்தை ஓட்டினால் நகம் தடுக்கும் ஆழம் அதற்கு.

“அப்பா, இதை ஏன் விட்டிட்டீங்கள்?” என்று கேட்டாள் மகள்.

“அதை எடுக்கிறதெண்டால் சுற்றியுள்ள பூச்சு முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேணும் பிள்ளை. பிறகு வெயிலைத் தாங்க என்ன மிஞ்சும்?” என்றோம்.

அவள் கீறலை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து ஏறி அமர்ந்தாள். நேயர்களும் பொறி வாங்கக் கடைக்குப் போகுமுன், எந்தக் கீறல்களை விட்டுவிடுவது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு போவீர்களாக.