செபஸ்தியாருக்கு ஏன் சட்டை இல்லை?

ரோமானியச் சிப்பாய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிவப்பு மேலங்கி, மார்பில் பட்டை பட்டையாய்த் தகடு, தலையில் துடைப்பத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கொண்டை. சினிமாவும் பைபிள் படங்களும் பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்காவும் சேர்ந்து பழக்கிவிட்ட உருவம் அது.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக் கல்லூரிப் பையனுக்கு ஊர்ப் பாஸ்காவில் அந்த வேஷம் கிடைத்தது. வசனம் கிடையாது. சாட்டையைச் சுழற்ற வேண்டும், ஆணி அடிக்க வேண்டும், கடைசியில் சிலுவைக்குக் கீழே உட்கார்ந்து அங்கிக்குச் சீட்டுப் போட வேண்டும். அவ்வளவுதான். அட்டையில் வெட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்த கவசத்தைக் கையில் கொடுத்தார்கள். நிஜக் கவசம் எப்படி இருந்திருக்கும் என்று இணையத்தில் தேடப்போனவன் ஒரு மாதத்துக்கு வெளியே வரவில்லை.

அங்கே ஒரு தனி உலகமே இருந்தது. வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, சனி ஞாயிறில் ரோமானியச் சிப்பாயாக மாறுகிறவர்கள். இங்கிலாந்தில் 1972-ல் தொடங்கிய எர்மைன் ஸ்ட்ரீட் கார்டு இவர்களில் முன்னோடி. அவர்கள் செய்வது முதல் நூற்றாண்டுச் சிப்பாய். தகடு, கொண்டை எல்லாம் உண்டு. இங்கிலாந்தின் காமிடாடஸ், நெதர்லாந்தின் ஃபெக்டியோ போன்ற குழுக்களுக்கோ பிற்கால ரோம்தான் பைத்தியம். அதாவது மூன்றாம் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த சிப்பாய்.

அந்தச் சிப்பாயைப் பார்த்தால் ரோமானியன் என்றே சொல்ல மாட்டீர்கள். முழுக்கை அங்கி, அதில் வட்ட வட்டமாய் நெய்த அலங்காரம், காலுக்குக் கால்சட்டை. கையில் பெரிய நீள்வட்டக் கேடயம், இடுப்பில் நீண்ட வாள். தலைக்கவசம்கூட இரண்டு பாதியாகச் செய்து, நடுவில் ஒரு மேடு வைத்துப் பொருத்தியது. இதற்கெல்லாம் ஆதாரம் தேடி அவர்கள் படுகிற பாடு இருக்கிறதே! அங்கிக்கு எகிப்தின் காய்ந்த மணலில் அழியாமல் கிடைத்த துணிகள். தலைக்கவசத்துக்கு 1910-ல் நெதர்லாந்தின் டியூர்ன் அருகே சதுப்பு நிலத்தில் கிடைத்த ஒன்று. கேடயத்துச் சித்திரத்துக்கு 'நோட்டீஷியா டிக்னிடாட்டம்' என்ற அரசுப் பட்டியலின் பிற்காலப் பிரதிகள். அந்தப் பிரதிகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று இன்னும் சண்டை நடக்கிறது. இதில் ஒரு வேடிக்கை, உலகமெங்கும் இப்படி வேஷம் போடுகிறவர்கள் வாங்கும் கவசங்களில் நிறைய நம் மீரட் பட்டறைகளில் அடித்தவை :-)

பிற்கால ரோமானியச் சிப்பாய் ஒருவரை இந்தக் கடற்கரை முழுக்கத் தெரியும். செபஸ்தியார். டயோக்ளீஷியன் (284-305) காலத்தில் சிப்பாயாக இருந்து வேதசாட்சியாக இறந்தவர் என்பது திருச்சபை மரபு. ஜனவரி 20 அவருடைய திருநாள். தெருவுக்கு ஒருவருக்காவது அவர் பெயர் இருக்கும். ஆனால் சுரூபத்தில் அவர் இடுப்புத்துணியோடு மரத்தில் கட்டுண்டு, அம்பு பாய்ந்து நிற்கிறார். உடை அலங்காரத்துக்கு அவரிடம் எந்த உதவியும் கிடைக்காது!

யவன வீரர்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவர்களும் இல்லை. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காப்பவர்கள் சட்டை போட்ட யவனர்கள்தான். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக்காசுகளைப் பற்றி நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ல் தனி நூலே எழுதியிருக்கிறார். கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் காசுகளில் ஒரு வகை உண்டு: இரண்டு சிப்பாய்கள் ஈட்டியோடு நிற்பார்கள், நடுவில் படைக்கொடி.

பையன் இதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு போய், முழுக்கை அங்கியில் நடிக்கட்டுமா என்று கேட்டான். பாஸ்கா நடத்துகிற அண்ணன் சிரித்துவிட்டார். "அது யேசு செத்து முந்நூறு வருசம் கழிச்சு வந்த சட்டைல்லா? அதுவும் போக, கொண்ட இல்லாட்டி சிப்பாய்னு யாருக்குலே தெரியும்?" இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் கொண்டைச் சிப்பாயும் அவ்வளவு சரியில்லை. பிலாத்துவின் கீழ் யூதேயாவில் இருந்தவர்கள் இத்தாலியிலிருந்து வந்த லீஜியன் படையினர் அல்ல. பெரும்பாலும் செபஸ்தே, செசரியா என்று அக்கம்பக்கத்து ஊர்களில் எடுத்த துணைப்படையினர். அந்நிய உடுப்பை மாட்டிக்கொண்ட உள்ளூர்ப் பையன்கள். அந்தக் கணக்கில் கறுத்த முகமும் அட்டைக் கவசமுமாய் நிற்கும் நம்மவன் நெருங்கித்தான் வந்திருக்கிறான்.

ஒத்திகை முடிந்து அவன் வேஷத்தோடே வீட்டுக்குப் போனான். திண்ணையில் தாத்தா. 1961-ல் தூத்துக்குடியில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் கயிறு பிடித்தவர்.

"நல்லாத்தாம்லே இருக்கு. இந்த வேசத்துக்கு வருசா வருசம் ஆள் வந்துரும். கயிறு புடிக்க ஆள் வருமா?"

பையனுக்குப் பதில் இல்லை. முத்துக்கும் பட்டுக்கும் ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் கீழ்த்திசை நாடுகளுக்குப் போகிறது என்று ரோமில் பிளினி புலம்பினார். அந்த முத்தை எடுத்தது யார்? கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக்குளிக்கிறார்கள் என்கிறது பெரிப்ளுஸ். வாங்கியவனின் சிப்பாய்க்கு ஐரோப்பாவில் சங்கம் இருக்கிறது, இங்கே பாஸ்கா இருக்கிறது. மூழ்கியவனுக்கு ஒன்றும் இல்லை. அறுபது வருஷத்துக்கு மேலாக முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கயிற்றைப் பிடித்த கைகளும் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருக்கின்றன.

"சொல்லிக் குடுங்க தாத்தா."

ஒரு நைலான் கயிறு வந்தது. கல்லுக்குப் பதில் அம்மியின் குழவி. பையன் கொண்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் திண்ணை ஓரத்தில் நின்றான். கல்லை மிதித்து இறங்குகிறவனுக்கு மூச்சு ஒரு நிமிஷம் போலத்தான். அவன் கயிற்றைச் சுண்டினால் உடனே தூக்கியாக வேண்டும்.

"இறுக்கிப் புடிக்காதலே. இறுக்கினா கீழ உள்ளவன் இழுக்கது தெரியாது. காதக் கையில வச்சிருக்கணும்."

மூன்று தடவை தப்பாய்ப் பிடித்தான். நாலாவது தடவை தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. பெரிய வெள்ளியன்று வழக்கம்போல அட்டைக் கவசத்தோடு சாட்டை சுழற்றினான். ஊருக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஈஸ்டர் முடிந்த வாரம், செல்போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு மறுபடி தாத்தாவிடம் போய் உட்கார்ந்தான்.