முழங்கை வரை உள்ளே

அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு சாக்கு ஏலக்காயில் நல்ல காய் எவ்வளவு, வெடித்தது எவ்வளவு, விதையில்லாத பொக்கு எவ்வளவு என்பதைச் சாக்கைக் கொட்டாமலே சொல்லிவிடும். எண்பதுகளில் போடிநாயக்கனூரில் ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலை அதற்கு. காலாண்டு, அரையாண்டு லீவு விட்டால் நானும் கூடவே போவேன். சுவரோரமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் வாசம் மூக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் அது இருப்பதே தெரியாமல் போய்விடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் மறுபடியும் வரும்.

மலையில் பறித்த காயை ஸ்டோரில் விறகுச் சூட்டில் உலர்த்துவார்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். அதைச் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றினால், போடிமெட்டிலிருந்து முந்தல் வந்து சேருவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்தக் குலுக்கலில் சாக்குக்குள் காய் தன்னாலே தரம் பிரிந்துவிடும். பொடிக் காயும் தூசியும் இடுக்கு வழியாக அடிக்கு இறங்கும்; பருத்த காய் மேலே வந்து நிற்கும். யாரும் மேல்காய் அடுக்கி ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை, ரோடே அந்த வேலையைச் செய்துவிடும்.

அதனால் அம்மாச்சி வாயைப் பிரித்து மேலாக அள்ளாது. முந்தானையை இடுப்பில் செருகி, வளையலை மேலே தள்ளிவிட்டு, முழங்கை வரை கையை உள்ளே விடும். மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி. மூன்றையும் தட்டில் போட்டுக் கலக்கி, அதிலிருந்து நூறு காயை விரல் நுனியால் தள்ளித் தள்ளி எண்ணும். வெடித்தது ஒரு பக்கம், பொக்கு ஒரு பக்கம். "மேலாப்புல அள்ளுனா ரோடு காட்டுறதத்தாண்டா பாப்ப. அடியில கைய விடு" என்று என் கையையும் பிடித்து உள்ளே தள்ளும். நுனியில் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும் காய்கள் கையைக் கீறும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். கொதித்துப் புரண்ட பானைக்கு அது சரி. மலையிறங்கி வந்த சாக்கு அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. அங்கே ஒரு காய் எதற்கும் பதமில்லை. பின்னாளில் கல்லூரியில் பி.சி. மகலனோபிஸ் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மாச்சியின் கைதான் கண்ணில் நின்றது. 1937 முதல் அவர் வங்காளத்தில் சணல் விளைச்சலைக் கணிக்க, எல்லா வயலையும் அளக்காமல் சமவாய்ப்பு முறையில் சில இடங்களை மட்டும் தேர்ந்து அளந்து பார்த்தார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்குப் பின்னால் இருந்ததும் அந்த அனுபவம்தான். எங்கே கை வைக்கிறோம் என்பதுதான் இரண்டு பேருக்கும் கவலை. புள்ளியியல் பரீட்சைக்கு மட்டும்தான், வீட்டுக்கு உதவாது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டில் அடுப்பெரிந்ததே அந்த முழங்கைக் கணக்கினால்.

லிட்டர் எடை பார்க்கும்போது எழுதுவது என் வேலை. லிட்டர் அளவையில் காயைக் கொட்டி, விளிம்போடு குச்சியால் வழித்துத் தராசில் வைப்பார்கள். விதை முற்றிய காய் என்றால் எடை கூடும். அக்மார்க்கில் மிகப் பருத்த முதல் தரத்துக்கு 435 கிராம் வேண்டும். ஒரே காயைத் திரும்பக் கொட்டினால் இரண்டு மூன்று கிராம் முன்னே பின்னே வரும். மூன்று தடவை நிறுத்து நடுவில் வருவதை எழுதச் சொல்வார் மேஸ்திரி. இடைநிலை என்ற பாடம் பள்ளியில் வந்தபோது எனக்கு அது ஏற்கெனவே தெரிந்த ஆளாக இருந்தது.

பெரியப்பாவுக்குப் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம். ஆனி, ஆடியில் போடியில் மண்ணை வாரியடிக்கும் காற்றுதான். மேட்டைத் தாண்டினால் மழை கொட்டும். எங்களுக்கு ஐப்பசியில் வருகிற மழையை நம்பி மலைக்காடு இல்லை. ரேடியோ சொல்லும் மதுரை மாவட்ட மழையளவு அவருக்கு எதற்கும் ஆகாது (தேனி மாவட்டம் 1996இல்தான் வந்தது). அதனால் பக்கத்து எஸ்டேட் கணக்கப்பிள்ளை அளந்து வைக்கும் மழையை வாங்கி, ஒரு நீளக் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் மழை, எதிர்ப்பக்கம் ஒவ்வொரு பறிப்புக்கும் வந்த காய், அது போன விலை. 40, 45 நாளுக்கு ஒரு பறிப்பு. மாசி, பங்குனியில் கோடை மழை தவறிய வருஷங்களைச் சிவப்பு மசியில் வட்டமிட்டிருப்பார். அந்த வட்டம் விழுந்துவிட்டால் நகைக் கடனைக் குறைத்துக்கொள்வார், கல்யாணத்தைத் தள்ளிப் போடுவார். பெரியம்மா இதற்காக அவரோடு பேசாமல் இருந்த நாட்கள் உண்டு.

ஏல நிலவரம் வந்தால் ஊரே உச்ச விலையைத்தான் பேசும். பெரியப்பா சராசரியைக் கேட்பார், அதோடு விடமாட்டார். விற்ற மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுத்து வருவது சராசரி. பெரிய தோட்டத்துப் பருவெட்டுக் காய் நூறு மூட்டை வந்த அன்று அது தானாக ஏறிவிடும். "நம்ம காய் மாதிரி காய் என்னா வெலைக்குப் போச்சு, அதச் சொல்லு" என்பார். ஒரே நாளில், ஒரே கூடத்தில், மேல் விலைக்கும் கீழ் விலைக்கும் நடுவில் உள்ள தூரத்தை அவர் நோட்டில்தான் முதலில் பார்த்தேன்.

அந்த நோட்டு அண்ணனிடம் வந்தது. 2018 ஆகஸ்ட் பெருமழையில் தோட்டங்கள் அழிந்து வரத்துக் குறைய, 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடி மின்னணு ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் அண்ணனைக் கூப்பிட்டு வாழ்த்தினார்கள். அவனுடைய காய் அதற்கு வெகு கீழே போயிருந்தது. அதுவுமே அவன் பார்த்திராத விலை. அந்த ஒற்றை எண்ணை நம்பி மலையில் கடன் வாங்கிப் புதிதாக நட்டார்கள். நட்ட ஏலம் காய்க்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். எல்லாரும் நட்டது ஒன்றாகக் காய்க்கத் தொடங்கியபோது, 2022இல் சராசரி ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

அண்ணன் நோட்டைப் புரட்டி, விலை ஏறிய வருஷங்களையும் அதற்கு அடுத்த வருஷங்களையும் பார்த்துவிட்டு, புது நிலம் எடுக்கவில்லை. அண்ணியின் நகையை மீட்டான், ஸ்டோருக்குப் புதுத் தகரம் போட்டான், மிச்சத்தைப் பாங்கில் போட்டான். 2022ஆம் வருஷத்துக் கூலியும் உரமும் அந்தப் பணத்தில்தான் நடந்தது.