மைதானத்தில் மச்சான்

விளையாட்டில் சாதி இல்லை என்று யாராவது மேடையில் பேசினால் நாங்கள் ஒன்று கேட்பதுண்டு. அய்யா, நீங்கள் எந்த இடத்தில் ஆடினீர்கள்? ரெய்டரா, கார்னரா?

கிண்டலுக்காகக் கேட்பதில்லை. கபடியில் ரெய்டர் தொட்டுவிட்டு ஓடுகிறவர். கார்னர், இன், கவர் என்று தடுப்பு வரிசையில் நிற்கிற நாங்கள், தொட்டதை விடாமல் வைத்திருக்க வேண்டியவர்கள். இன்னொருவன் கணுக்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்ணில் கிடப்பதுதான் எங்கள் வேலை. வியர்வையும் எச்சிலும் சிராய்த்த முட்டியின் ரத்தமும் யாருடையது என்று பிரிக்க முடியாத இடம் அது. தீண்டாமை என்பது தொடாமல் இருப்பது மட்டும்தான் என்றால், கபடி ஆடுகிற ஊர்களில் எல்லாம் அது எப்போதோ செத்திருக்க வேண்டும்.

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் கபடி அணியில் நாங்கள் ஐந்து பேர் அந்த வரிசையில் நின்றோம். பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு முன்னால், ஆடி மாதத்தில் நடந்த மூன்று வாரப் பயிற்சி முகாமைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் திருத்தி எழுதியது இது. பெயர் போட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நின்ற இடத்தின் பெயரே போதும். லெஃப்ட் கார்னர், லெஃப்ட் இன், ரைட் கவர் மூவரும் காலனி. ரைட் கார்னர் ஜவ்வாது மலை, மலையாளி பழங்குடி. லெஃப்ட் கவர் ஊர்த்தெரு. மீதி இரண்டு இடத்தில் ரெய்டர்கள் நிற்பார்கள், கேப்டனும் ரெய்டர்தான். மைக்கில் பெயர் சொல்லிக் கத்துவது அவர்கள் பெயரைத்தான் என்பது கபடி பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

காலனிப் பையன்களை எல்லாம் பிடிக்கப் போடு என்று எங்கும் சட்டம் இல்லை. ஆனால் ரெய்டு ஏறிப் பழக ஆட்டம் வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து ஊர் ஊராகப் போய் ஆடினால்தான் கால் வரும். எந்த ஊர்த் திருவிழா கபடிக்கும் அழைப்பு வராத பையன் தன் தெருவில் எதைக் கற்பான்? வருகிறவனைப் பிடிக்கக் கற்பான். இது எங்கள் அனுமானம்தான். எங்களில் மூன்று பேருக்கு அது அப்படியே பொருந்தியது.

காலை ஐந்தரைக்கு முகாம் தொடங்கும். கிரிவலப் பாதையில் ஓட்டம். மற்ற நாட்களில் செங்கம் சாலையிலிருந்து பாதை பிரியும் இடம் வரை ஓடித் திரும்புவோம். சனிக்கிழமை 14 கிலோமீட்டரும் முழுச் சுற்று. பௌர்ணமி அன்று ஓட்டம் கிடையாது, கூட்டம் விடாது. அன்று ராத்திரி எங்களில் இரண்டு பேர் அதே பாதையில் தண்ணீர் பாட்டில் விற்பார்கள். மலையைச் சுற்றி வருகிற புண்ணியத்தை நாங்கள் வாரம் ஒரு முறை ஷூ இல்லாமலே சேர்த்தோம் என்பது லெஃப்ட் இன் சொல்லும் பழைய ஜோக்.

ஓடி வந்ததும் மைதானத்தில் முதல் வேலை கயிறு கழற்றுவது. கபடியில் நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் இருக்கக் கூடாது, மோதிரம், காப்பு எதுவும் கூடாது. விதி அது. கையில் கட்டிய கலர் கயிறும் அதில் சேரும் என்று பி.டி. சார் சொல்லிவிட்டார். கயிற்றின் நிறம் எந்தச் சாதி என்று சொல்லும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. எங்கள் மைதானத்தில் அறிக்கை இல்லாமலே கயிறுகள் கழன்றன. ஓர் ஆணியில் எல்லாம் ஒன்றாகத் தொங்கும். ஒன்பது மணிக்கு முகாம் முடிந்ததும் அவரவர் கயிறு அவரவர் கைக்குத் திரும்பிப் போய்விடும்.

அடுத்து கைப்பிடிப் பயிற்சி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏழு பேர் சும்மா கை கோர்த்து நிற்பதுபோலத் தெரியும். அதில் இருக்கிற நுணுக்கம் சொன்னால்தான் புரியும். விரலோடு விரல் கோர்க்கக் கூடாது; ரெய்டர் மோதினால் விரல் முறியும். உள்ளங்கையை உள்ளங்கை கொக்கிபோலப் பிடிக்க வேண்டும். கார்னர் முன்னே பாய்வார். எவ்வளவு பாயலாம் என்பதைப் பக்கத்தில் நிற்கிற இன்னின் கைதான் அவருக்குச் சொல்லும். அதிகம் போனால் அந்தக் கை பின்னே இழுக்கும். கண் ரெய்டரின் இடுப்பில் இருக்க வேண்டும், கையில் இருக்கக் கூடாது. கை பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. முப்பது வினாடி. அதற்குள் அவர் திரும்ப வேண்டும், திரும்பும் கணத்தில்தான் கணுக்கால் கிடைக்கும்.

முக்கியமானது அதற்குப் பிறகு. முதல் பிடி போட்டவன் தனியாக யாரையும் நிறுத்த முடியாது. 'இரண்டாவது பிடி எங்கடா?' என்றுதான் பி.டி. சார் நாள் முழுக்கக் கத்துவார். கார்னர் காலைப் பிடித்ததும் கவர் வந்து இடுப்பில் விழ வேண்டும், இன் தொடையைக் கட்ட வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு பேர் பிடித்திருக்கும்போது ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் அந்த நான்கு பேருமே அவுட். எட்டி நின்றவன் தப்பித்துவிடுவான். இரண்டாவதாக விழுகிறவன் தனக்குத் தேவையில்லாத ஆபத்தை எடுத்துக்கொண்டுதான் விழுகிறான். முதல் வாரம் முழுக்க எங்களுக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. பயம் அப்படி. இரண்டாம் வாரம் வந்தது. லெஃப்ட் கவரும் ரைட் கவரும் ஒரே நேரத்தில் மோதுகிற சத்தம் எங்களுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகாமுக்குக் கல்லூரி கொடுத்தது ஆளுக்கு ஒரு முட்டை, ஒரு கைப்பிடிச் சுண்டல். மற்றது வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களில் நான்கு பேருக்கு வீடு என்பது விடுதி. கல்லூரி மாணவருக்கு விடுதி உணவுக்கு அரசு ஒதுக்குவது மாதம் 1,500 ரூபாய். 2023இல் உயர்த்திய பிறகு வந்த தொகை அது, அதற்கு முன் 1,100. நாளைக்கு ஐம்பது ரூபாயில் மூன்று வேளை. 2025 ஜூலையில் எல்லா விடுதிகளுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர்தான், சாம்பாருக்கும் அது பொருந்தினால் இன்னும் நல்லது. சீனியர் ஆண்கள் கபடியில் எடை 85 கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை நினைத்து எங்களில் யாரும் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

இப்போது மச்சானுக்கு வருவோம். முகாமில் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான். 'மச்சான் கால் வருது பாரு', 'விடாத மச்சான்'. தமிழில் அந்தச் சொல் லேசானதில்லை. பெண் கொடுத்து எடுக்கிற உறவின் சொல் அது. ஊர்த்தெருவில் எங்கள் அப்பாக்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, கூப்பிடப் போவதும் இல்லை. ஒன்பதரைக்கு அதே ஆள் அதே பேருந்து நிறுத்தத்தில் தன் ஊர்க்காரர்களோடு நிற்பார். நாங்கள் போனால் தலை அசையும், வாய் அசையாது. கோபப்படுகிற அளவுக்குப் பெரிய விஷயமாக அன்று அது தோன்றவில்லை. சாதி எங்கே போனது என்று தேடுகிறவர்களுக்குச் சொல்கிறோம். அந்த அரை மணி நேரத்தில் அது எங்கும் போகவில்லை, ஆணியில் தொங்கியது.

தனக்குத் தேவை என்றால் தொட அனுமதிப்பது சாதிக்குப் புதிதல்ல. நடவுக்குத் தொடலாம், பிரசவம் பார்க்கத் தொடலாம், பிணம் தூக்கத் தொடலாம். பல்வங்கர் பாலூவின் கதையை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். புனேயில் இந்து அணிக்குப் பந்து வீசியவர், தலித். அவர் எறிந்த பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, தூக்கிப் போடுகிற மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்கு அவர் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்துக் கொடுத்தார். (1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்க்கக் காங்கிரஸ் கொண்டுவந்து நிறுத்தியதும் இதே பாலூவைத்தான். அம்பேத்கர் வென்றார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

முகாமின் மூன்றாம் வாரம் கேப்டனுக்கு ஒரு தொலைபேசி வந்தது. பக்கத்து வட்டத்தில் ஒரு ஊர், மாரியம்மன் கோயில் திருவிழா, இரவு கபடி, பத்தாயிரம் ரூபாய் பரிசு. பயிற்சி ஆட்டமாகவும் ஆகும், ஷூவுக்குப் பணமும் ஆகும். நாங்கள் குதித்தோம்.

"தம்பி, டீம் லிஸ்ட் ஒண்ணு அனுப்பு. எந்தெந்த ஊருன்னும் போட்டுடு. ஊரா, காலனியான்னும்."

கேப்டன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பட்டியல் போன பிறகு மறுநாள் இன்னொரு அழைப்பு.

"சாமி காரியம் பாரு தம்பி. பெரியவங்க ஒரு மாதிரி. அந்த மூணு பேரை மட்டும் விட்டுட்டு வாங்க. மலைப் பையன் வரட்டும், அது பரவால்ல."

ரைட் கார்னர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் என்ன பரவால்ல?" என்று ஷூவைக் கழற்றினார்.

பி.டி. சாரிடம் போனோம். பிராக்டிஸ் மேட்ச்தானே, பெரிசாக்காதீங்க என்றார். அவர் கெட்டவர் இல்லை. பெரிசாக்காமலே ஓய்வு பெறுகிறவர்களில் ஒருவர்.

லெஃப்ட் கவர் அன்று எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் காலை, 'நானும் போகல' என்று மட்டும் சொன்னான். அவனுக்கு அந்த ஊரில் உறவு இருக்கிறது, விஷயம் மாலைக்குள் வீட்டுக்குப் போய்விட்டது. வண்டிச் சாவியை அப்பா வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் தேர்வுக் கட்டணமும் இல்லை என்றார். அதை நாங்கள் ஐந்து பேரும் சேர்த்துக் கட்டினோம். தன்னைப் பற்றிப் பெருமையாக எதுவும் எழுதக் கூடாது என்று அவன் கேட்டிருக்கிறான், அதனால் இத்தோடு நிறுத்துகிறோம்.

கேப்டனும் ரெய்டர்களும் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். தோற்றுத் திரும்பினார்கள் என்று எழுத ஆசைதான். இரண்டாம் பரிசு வாங்கி வந்தார்கள். அந்தக் கேடயம் இன்னும் உடற்கல்வித் துறை அலமாரியில் இருக்கிறது.

'வழக்குப் போட்டிருக்கலாமே' என்று கேட்கும் தோழர்களுக்கு: போடலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொது இடத்திலும் பொதுக் கேளிக்கை இடத்திலும் நுழைய விடாமல் தடுப்பதைக் குற்றமாகவே எழுதி வைத்திருக்கிறது. எங்களிடம் அழைப்பின் ஒலிப்பதிவு இல்லை. இன்றைக்கு எந்த அணியாக இருந்தாலும் முதலில் அதைச் செய்யுங்கள். கல்லூரிக்குள் நடந்தால், 2012ஆம் ஆண்டின் யுஜிசி விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

திருவிழா கபடியைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள் என்பதற்கும் காரணம் உண்டு. கோயில் யாருக்கு என்ற கேள்விதான் ஆடுகளத்துக்கும் வருகிறது. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலனி மக்கள் முதல் முறை போனது 2023 ஜனவரி 30 அன்று; மாவட்ட ஆட்சியரும் போலீஸ் படையும் கூட வர வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வெழுதப் பேருந்தில் போன பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனை வழிமறித்து இறக்கி, கைவிரல்களை வெட்டினார்கள். கபடியில் ஆதிக்க சாதி அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். செய்தியைப் படித்த அன்று எங்கள் லெஃப்ட் கார்னர் குழுவில் ஒரே ஒரு வரி போட்டார்: விரலைத்தான் வெட்டியிருக்கான் பாருங்க. பிடிக்கிறவனுக்கு விரல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

அதே ஆண்டு தீபாவளிக்கு 'பைசன்' வந்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த படம். அதே அக்டோபரில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். இரண்டையும் கொண்டாடினோம். தங்கம் வாங்கிய பிறகு யாரும் ஊரா, காலனியா என்று கேட்பதில்லை. கேட்பது அதற்கு முன்னால், பட்டியல் அனுப்பும்போது.

பல்கலைக்கழகப் போட்டியில் அதே கேப்டனோடுதான் ஆடினோம். பிடித்தோமா என்றால் பிடித்தோம். அவன் அவுட் ஆகி உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் அவனைத் திரும்ப உள்ளே கொண்டுவர எங்கள் பிடிதான் வேண்டும். அது ஆட்டத்தின் விதி, மன்னிப்பு இல்லை. காலிறுதியில் வெளியேறினோம். லெஃப்ட் கவர் அடுத்த பருவம் ஆடவில்லை.

இப்போது அணியில் இருக்கிற தம்பிகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கர், ஒலிப்பதிவு. யார் யார், எந்த ஊர் என்று கேட்டால் ஒரே பதில்: "பன்னிரண்டு பேர் வர்றோம்ணா, பன்னிரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டுடுங்க." போன ஆடியில் நான்கு ஊர்கள் கூப்பிட்டன. அந்தப் பதிலுக்குப் பிறகு இரண்டு ஊர்கள் மறுபடி கூப்பிட்டன.