எட்டு வரிக்கு மேல் இல்லை

“ரேகை என்னுதுதான் தம்பி. இல்லேன்னு நான் சொல்லல. சொன்ன சொல்லுதான் வேற.”

1998இல் உசிலம்பட்டியில் என் வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, கட்சிக்கார ஆத்தா சொன்னது இது. ஒன்றேகால் ஏக்கர் புஞ்சையை ஒத்திக்கு வைப்பதாகச் சொல்லி, கொழுந்தன் மகன் கூட்டிப்போயிருக்கிறான். இரண்டு வருஷம் கழித்துத் திருப்பப் போனபோதுதான், வாங்கியது ஒத்தி இல்லை, கிரையம் என்று தெரிந்திருக்கிறது. ஐந்து பக்கப் பத்திரம், முறையாகப் பதிவானது.

எங்கள் பக்கத்தில் ரேகை லேசான சொல் இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு இங்கே பெயரே ரேகைச் சட்டம்தான். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் உயிர்விட்டார்கள். ஆத்தாவின் அப்பா அந்தச் சட்டத்தால் ராத்திரி ஸ்டேஷனுக்குப் படுக்கப் போனவர். அந்த வீட்டுப் பிள்ளை, சொந்தக்காரனை நம்பி விரலை நீட்டியிருக்கிறது.

பத்திரம் எழுதியவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, சீனியரிடம் வாங்கி வைத்திருந்த ஜோன் ஆப் ஆர்க் விசாரணைப் புத்தகம் கையில் இருந்தது. 1429 மே மாதம் ஓர்லியன்ஸ் முற்றுகையை முறியடித்து, ஜூலையில் ஏழாம் சார்லசுக்கு ரெய்ம்ஸில் முடிசூட வழிசெய்த விவசாயி மகள். மறுவருஷம் கொம்பியேனில் பிடிபட்டாள். 10,000 லிவ்ருக்கு ஆங்கிலேயர் கைக்குப் போனாள். 1431இல் ரூவானில் பிஷப் பியேர் கோஷோன் முன்னால் தனக்கென்று ஒரு வக்கீல் இல்லாமல் நின்றாள். மே 24, எரித்துவிடுவோம் என்று மிரட்டி ஒரு மறுதலிப்புத் தாளில் குறி வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள் ஒரு சிலுவை போட்டாள். மே 30 எரித்தே விட்டார்கள். வயது பத்தொன்பது இருக்கும்.

அவளுடைய அம்மா இசபெல் விடவில்லை. 1455இல் பாரிஸில் மனுக் கொடுத்தாள். மறுவிசாரணையில், அன்று அந்தத் தாளை வாசித்துக் காட்டிய கோர்ட் சேவகர் ஜான் மாசியூவே சாட்சி சொன்னார்: எட்டு வரிக்கு மேல் இல்லை, வழக்குக் கட்டில் சேர்த்திருப்பது அந்தத் தாளே அல்ல. கட்டில் இருந்தது பல மடங்கு நீளம். 1456 ஜூலை 7 பழைய தீர்ப்பு ரத்தானது.

அந்த எட்டு வரியில் என் கேள்வி கிடைத்தது.

“முழுசும் வாசிச்சுக் காட்டுனீங்களா?”

“காட்டுனேன்.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒரு வெத்தலை போடுற நேரம்.”

பத்திரத்தைக் கையில் கொடுத்து, கூண்டில் நின்றபடியே வாசிக்கச் சொன்னேன். முன்சீப் அனுமதித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆரம்பித்தார். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, வில்லங்கம் இல்லை என்ற உறுதி. மூன்றாம் பக்கத்தில் குரல் கம்மியது. முடிக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. ‘சுத்தக் கிரையம்’ என்ற இடம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஆத்தா எழுந்துவிட்டார். “இந்தச் சொல்லு அன்னைக்கு வரலைய்யா!” உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

பத்திரம் இன்ன வகை என்பதையே மறைத்து வாங்கியிருந்தால் அது அடியோடு செல்லாது. விவரத்தில் மட்டும் ஏமாற்றியிருந்தால், ரத்து செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமைதான் உண்டு. 1968இல் நிங்கவ்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டிய வேறுபாடு இது. அந்த நிங்கவ்வாவும் எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் வழக்கு முதல் வகை என்று வாதாடினேன். அப்படியே தீர்ப்பானது.

நகல் வந்த அன்று, ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிப் பணம் திருப்பிக் கட்டும் விவரத்துக்குப் போனேன். ஆத்தா கையமர்த்தினார்.

“முழுசா வாசிங்க தம்பி.”

பதினாலு பக்கம். வாசித்தேன்.