இழுப்பதல்ல, விடுவது

கார்டிஃப், வேல்ஸ்

அன்புள்ள மதினிக்கு,

டிவியில் ஒருவர் மூச்சை ஆழமாக இழுத்து அடக்கச் சொல்கிறார், இளைப்புக்கு அதைச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் மதினி. நம் இருவருக்கும் இருக்கிற சி.ஓ.பி.டி. என்ற நுரையீரல் அடைப்பு நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரும்பாடு. சின்னச் சின்ன மூச்சுக்குழல்கள் தளர்ந்துபோயிருப்பதால், மூச்சை விடும்போது அவை பாதியிலேயே மூடிக்கொள்கின்றன. பழைய காற்று நெஞ்சுக்குள் தேங்குகிறது. உதரவிதானம் கீழே தட்டையாக அழுந்திக் கிடக்கிறது. அதற்கு மேலும் இழுத்து அடக்கினால் திணறல்தான் கூடும்.

இதை எனக்குப் புரியவைத்தது இங்குள்ள நுரையீரல் மறுவாழ்வு வகுப்பு. வாரம் 2 முறை, 6 முதல் 8 வாரம்வரை, நடை, உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி எல்லாம் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். என்னோடு வந்தவர்களில் பலர் ரோந்தா பள்ளத்தாக்கின் பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். இந்த ஊர்க்காரர்களின் நெஞ்சுக்குப் பெரிய வரலாறு உண்டு. கார்டிஃப் பக்கத்திலுள்ள லாண்டோக் மருத்துவமனையில், சுரங்கத் தூசி நோயை ஆராய்வதற்கென்றே 1945-இல் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். அங்கே வேலைபார்த்த ஆர்ச்சி காக்ரன் என்ற மருத்துவர், 1950களின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கு மக்களைத் தேடித்தேடி எக்ஸ்ரே எடுத்தார். நமக்கிருப்பதுபோன்ற அடைப்பு நோயும் நிலக்கரித் தூசியால் வருமென்று, சுரங்க நிறுவனத்தைப் பொறுப்பாக்கி உயர் நீதிமன்றம் 1998-இல் தீர்ப்புச் சொன்னது. இழப்பீடும் வந்தது. அந்த மனிதர்கள் சங்கம் வைத்துப் போராடி வாங்கியது அது. ஒரு காசும் அதிகமில்லை.

ஆனால் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டு அடுப்படிதான் ஞாபகம் வரும். நீங்களும் நானும் பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. வருஷக்கணக்காக சீமைக்கருவேல விறகையும் எருவாட்டியையும் எரித்துச் சமைத்தோம். அந்தப் புகையைக் கணக்கெடுக்க யாரும் எக்ஸ்ரே வண்டியோடு வரவில்லை.

பயிற்சிக்கு வருகிறேன். ஈர விறகு பற்றாமல் புகையும்போது ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதுவோமே, அப்படி உதட்டைக் குவித்துக்கொள்ளுங்கள். மூக்கால் 2 எண்ணும்வரை மெல்ல இழுத்து, குவிந்த உதட்டின் வழியாக 4 எண்ணும்வரை விடுங்கள். அடுப்பூதும் வேகம் வேண்டாம், தானாகப் போகிற மாதிரி விட்டால் போதும். உதட்டிலுள்ள அந்தச் சின்னத் தடை உள்ளே ஓர் எதிரழுத்தம் கொடுத்து, குழல்கள் மூடாமல் பிடித்துக்கொள்கிறது. தேங்கிய காற்று வெளியேறினால், அடுத்த மூச்சுக்குத் தானாக இடம் கிடைக்கும். அன்று நாம் அப்படி ஊதிவிட்டு அடுத்த மூச்சைப் புகைக்குள்ளேதானே இழுத்தோம் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

குடத்தைத் தூக்கும்போதும் குனிந்து எழும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரத்தில்தான் ஊதிவிட வேண்டும். மாடிப்படியில் நின்று இழுங்கள், ஏறும்போது விடுங்கள். இதை எனக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே செய்துகாட்டியவர் நிலத்தடியில் வேலைபார்த்த ஒரு தாத்தா. திணறல் வந்துவிட்டால் படுக்காதீர்கள். உட்கார்ந்து முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றுங்கள். தோளும் கழுத்தும் தளர்ந்ததும் மூச்சு மெல்ல வசத்துக்கு வரும்.

இதனால் நோய் தீருமா? தீராது. அழிந்த காற்றறை திரும்ப வளராது, ஊதிப் பார்க்கும் சோதனையில் என் எண்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் கடைத்தெருவரை நின்று நின்று போய்வருகிறேன். மூச்சு முட்டும்போது பயந்து வேகவேகமாக இழுப்பதும், அதனால் இன்னும் முட்டுவதும் எனக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் இந்தப் பயிற்சியை இவ்வளவு நம்புவது அதனால்தான். இன்ஹேலர் பஃப்பை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சளியின் நிறம் மாறினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து பிசியோதெரபிஸ்ட்டுகள் வீடுதேடி வருகிறார்களே. சின்னம்மாவின் காலுக்காக வருகிற அந்தப் பெண்ணிடம் உங்கள் நெஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள். உதடு குவித்து விடுவதையும், வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதிச் சளியை மேலே கொண்டுவருவதையும் நேரில் செய்துகாட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். தெருவில் இளைப்போடு இருக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பெண் வரும் நாளில் அவர்களையும் திண்ணைக்குக் கூப்பிட்டுவிடுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்